ஸ்போர்ட்ஸ் காரின் பின்சக்கரத்தில் புரியாத சத்தம்: கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மணிக்கு 70 கி.மீ. தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு உறுமல். 90 வந்ததும் அதுவே ரீங்காரம். கண்ணாடியை இறக்கினால் இடதுபக்கம் மாதிரி இருக்கும், ஏற்றினால் வலதுபக்கம் மாதிரி இருக்கும். என் காரில் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “பேரிங் போயிடுச்சு” என்றார்கள். சக்கரத்தை உரசாமல் சுற்ற வைக்கும் குண்டு வளையம்தான் பேரிங். பின்சக்கரம் இரண்டுக்கும் பேரிங் மாற்றினோம். பணம் போனது, சத்தம் போகவில்லை. பல வாரம் கழித்து, சக்கரத்தைக் கழற்றி டயரின் உள்விளிம்பைக் கையால் தடவியபோதுதான் விஷயம் தெரிந்தது. ரம்பத்தின் பல் மாதிரி தேய்ந்து கிடந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எந்தப் பாகம் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். இந்தச் சத்தம் யார் பேச்சைக் கேட்கிறது என்பதுதான் முதல் கேள்வி. வேகத்தின் பேச்சையா, ஆக்சிலரேட்டரின் பேச்சையா, ஸ்டீயரிங், பிரேக், இல்லை சாலைப் பள்ளத்தின் பேச்சையா? இது தெரிந்துவிட்டால், சந்தேகப்பட வேண்டிய பாகங்கள் பத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிடும்.

ஸ்போர்ட்ஸ் காரில் இந்த வேலை கொஞ்சம் கூடுதல் சிக்கல். இரண்டு இருக்கை உள்ள காரில் பின்சக்கரம் நம் காதுக்குப் பின்னாலேயே இருக்கிறது. கேட்கிற எல்லாச் சத்தமும் அங்கிருந்து வருவது போலவே தோன்றும். எஞ்சின் நடுவிலோ பின்னாலோ இருந்தால் இன்னும் குழப்பம். சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளைகளான புஷ்கள் கெட்டியானவை, சத்தத்தை அடக்கும் பஞ்சும் ரப்பரும் குறைவு. ஆகவே முன்சக்கரத்தில் எழும் அதிர்வுகூட பாடி வழியாக ஓடிவந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒலிக்கும். காது சொல்லும் இடத்தை நம்ப வேண்டாம். அது ஒரு துப்பு மட்டுமே.

முதலில்: ஓட்டலாமா, கூடாதா?

சோதனைக்குக் கிளம்புவதற்கு முன் சில ஆபத்துகள் இல்லை என்று உறுதிசெய்தே ஆக வேண்டும். மெதுவாகப் போகும்போதே “டொக் டொக்” என்று அடித்து, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது பெரிதாகிக்கொண்டே போனால், வீல் நட் தளர்ந்திருக்கலாம். அங்கேயே ஓரம் கட்டுங்கள். வண்டியின் பின்பகுதி தானாக ஒருபக்கம் நழுவுவது போல இருந்தாலும், சக்கரத்தின் பக்கம் கருகிய வாடை வந்தாலும், பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலும் அப்படியே.

வீல் நட்டை எந்தச் சோதனைக்கும் முன், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். ஐந்து போல்ட் உள்ள சக்கரங்களுக்குப் பெரும்பாலும் 100 முதல் 160 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். உங்கள் காரின் சரியான எண் கையேட்டில் இருக்கிறது, அதையே வையுங்கள். நடுவில் ஒரே பெரிய நட் உள்ள சென்டர் லாக் சக்கரம் என்றால் கதை வேறு. அதற்குச் சில கார்களில் 600 நியூட்டன் மீட்டர் அளவுக்குப் போக வேண்டும், அதற்கேற்ற நீண்ட ரெஞ்ச் இல்லாமல் தொடாதீர்கள்.

டிக்கியைக் காலி செய்யுங்கள்

சிரிக்காதீர்கள். ஜாக்கி, ஸ்பேனர், இழுவைக் கொக்கி, ஸ்டெப்னிக்குப் பதிலாக வைத்திருக்கும் பஞ்சர் கிட், மூலையில் உருளும் தண்ணீர் பாட்டில், எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பின்கதவின் பூட்டுக் கொக்கி, பார்சல் ஷெல்ஃப், ஆள் இல்லாத இருக்கையின் சீட் பெல்ட் பக்கிள், நம்பர் பிளேட் ஆகியவற்றைக் கையால் தட்டிப் பாருங்கள். “லொட லொட” ரகச் சத்தங்களில் கணிசமானவை இங்கேயே முடிந்துவிடும். சக்கரத்தின் நடுமூடி தளர்ந்திருக்கிறதா, டயர் பள்ளத்தில் கல் மாட்டியிருக்கிறதா என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள்.

சத்தத்துக்கு ஒரு பெயர் வையுங்கள்

ஒலிகளுக்குப் பெயர் வைப்பதில் தமிழுக்குக் குறையே இல்லை. இரட்டைக்கிளவி என்று இலக்கணத்தில் தனி இடமே கொடுத்திருக்கிறோம். அதை இங்கே பயன்படுத்துங்கள். “ஏதோ சத்தம் வருது” என்று மெக்கானிக்கிடம் சொன்னால் அவர் முதலில் பேரிங்கைத்தான் நினைப்பார். “கர கர”வா, “கீச் கீச்”சா, “டக்” என்று ஒரே முறையா, “சரக் சரக்” என்று சீராகவா, “ஊங்...” என்று நீளுமா? ஒரு நோட்டில் எழுதுங்கள். கூடவே எந்த வேகத்தில் தொடங்குகிறது, வண்டி குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா, மழையிலா வெயிலிலா, கடைசியாக அந்தப் பக்கம் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கான பதில்தான் பல நேரம் விடையாகவே இருக்கும். பிரேக் பேட் மாற்றிய மறுநாள் ஆரம்பித்த சத்தத்துக்கு, எஞ்சின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைத் திறக்க வேண்டிய அவசியமில்லை.

சீராகத் திரும்பத் திரும்ப வரும் சத்தமாக இருந்தால் எண்ணிப் பார்க்கலாம். இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். உதாரணமாக 265/35 ஆர்19 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். மணிக்கு 18 கி.மீ. என்றால் நொடிக்கு 5 மீட்டர். சக்கரம் நொடிக்கு 2.4 முறை சுற்றும், 10 நொடியில் 24 முறை. அமைதியான, வாகனங்கள் வராத இடத்தில் அந்த வேகத்தில் போய், போனில் பதிவு செய்து எண்ணுங்கள். 24க்குப் பக்கத்தில் வந்தால் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று: டயர், பிரேக் டிஸ்க், ஹப் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பாகம்), ஆக்சிலின் வெளிமுனை. முன்னால் எஞ்சினும் பின்னால் டிஃபரன்ஷியலும் உள்ள காரில் அவற்றை இணைக்கும் நீண்ட ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் விகிதம் 3.7 என்றால் சக்கரத்தைவிட 3.7 மடங்கு வேகமாகச் சுற்றும். அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட 9 முறை. அதைக் காதால் எண்ண முடியாது, ஒரே நடுக்கமாகக் கேட்கும். எண்ண முடிகிறதா முடியவில்லையா என்பதே ஒரு தகவல்.

சாலையில் ஐந்து சோதனைகள்

மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் பகுதி முக்கியம், நேரம் எடுத்துச் செய்யுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதும் எழுதுவதும் அவர் வேலை, ஓட்டுவது மட்டும் உங்கள் வேலை. யாரையும் டிக்கியில் படுக்க வைத்துக் கேட்கச் சொல்லாதீர்கள். அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

முதலாவது, எஞ்சினைப் பிரிப்பது. சத்தம் வரும் வேகத்தில் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து உருளவிடுங்கள். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கிய பிறகும் சத்தம் அப்படியே இருந்தால் எஞ்சினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எஞ்சினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும். ஆட்டோமேட்டிக் என்றால் ஓடும்போது நியூட்ரல் போட வேண்டாம், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே தேவையானது தெரியும். அப்புறம் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் அதே ஆர்பிஎம் வரை ஏற்றிப் பாருங்கள். நின்ற இடத்திலேயே சத்தம் வந்தால் சைலன்சர் தாங்கி, அதன் மேல் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு போன்றவைதான். அந்தத் தகட்டின் போல்ட் துளை துருப்பிடித்துப் பெரிதாகி, குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் “ஜிங்” என்று பாடும்.

இரண்டாவது, ஆக்சிலரேட்டர். ஒரே வேகத்தில் போய்க்கொண்டே லேசாக அழுத்துங்கள், விடுங்கள், மறுபடி அழுத்துங்கள். அழுத்தும்போது ஒரு சுதியிலும் விடும்போது வேறு சுதியிலும் ஊளையிட்டால் டிஃபரன்ஷியலின் கியர் பல்லையோ அதன் சிறு கியரான பினியனின் பேரிங்கையோ நினைக்கலாம். அழுத்தி விடும் ஒவ்வொரு முறையும் “டொக்” என்று ஒரே அடி விழுந்தால், டிஃபரன்ஷியலைத் தாங்கும் புஷ், சிவி ஜாயின்ட் (ஆக்சில் வளைந்தபடி சுற்ற உதவும் மூட்டு), சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கைகளின் புஷ் என்று யோசிக்க வேண்டும். வீல் பேரிங் ஆக்சிலரேட்டரை அவ்வளவாகப் பொருட்படுத்தாது.

மூன்றாவது, ஸ்டீயரிங். அகலமான, காலியான இடத்தில் சத்தம் கேட்கும் வேகத்தில் மெதுவாக இடதும் வலதுமாக வளைந்து ஓட்டுங்கள். இடதுபக்கம் திருப்பினால் எடை வலது சக்கரங்களுக்குப் போகும். அப்போது உறுமல் கூடினால் வலது பேரிங் மேல் சந்தேகம், குறைந்தால் இடதுபக்கம். இது பொதுவிதிதான், சட்டமல்ல. இரண்டு வரிசை குண்டுகள் கொண்ட பேரிங்கில் எந்த வரிசை கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து எதிர்மாறாகவும் நடக்கும். ஸ்போர்ட்ஸ் கார் அதிகம் சாயாது, ஆகவே வேறுபாடும் சன்னமாகவே கேட்கும். இதை மட்டும் வைத்துப் பேரிங்குக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். என் கதை நினைவிருக்கட்டும்.

நான்காவது, பிரேக். சத்தம் வரும்போது பெடலை மெல்லத் தொடுங்கள், வேகம் குறையாத அளவுக்கு. சத்தம் நின்றாலோ மாறினாலோ பேட், டிஸ்க், பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் பக்கம் போங்கள். பின்சக்கர ஹேண்ட்பிரேக் தனியாக டிஸ்க்கின் உள்ளே சிறு டிரம்மாக இருக்கும் கார்களும் உண்டு. அதன் லைனிங்கோ ஸ்பிரிங்கோ உடைந்து உள்ளே உரசினால் கால் பிரேக்கைத் தொட்டாலும் மாறாது, ஆனால் கர கரவென்று கேட்டுக்கொண்டே இருக்கும். துளையிட்ட அல்லது கோடு வெட்டிய டிஸ்க் என்றால், பிரேக் போடும்போது ஒரு “விர்ர்” வருவது இயல்பு, அதைத் துரத்த வேண்டாம்.

ஐந்தாவது, சாலை. வழவழப்பான புதிய தாரிலிருந்து சொரசொரப்பான சாலைக்கு மாறும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். தரை மாறியதும் சத்தத்தின் சுதி பளிச்சென்று மாறினால் டயர்தான். பேரிங்குக்குத் தரை என்னவென்று தெரியாது. எங்கும் ஒரே மாதிரி உறுமும். இந்த ஒரு சோதனையை அன்றைக்கே செய்திருந்தால் எனக்கு இரண்டு பேரிங் மிச்சமாகியிருக்கும். அதே போல மெதுவாகச் சிறுசிறு மேடுகளில் ஏற்றி இறக்குங்கள். அங்கே மட்டும் “கட கட” என்றால் வண்டி சாயாமல் தடுக்கும் ஆன்டி ரோல் பார் கம்பியின் லிங்க், ஷாக் அப்சார்பரின் மேல்தாங்கி. “கீச்” என்றால் புஷ்.

வண்டியைத் தூக்குவது

தாழ்ந்த காருக்குச் சாதாரண ஜாக்கி நுழையாது. இரண்டு பலகைகளைப் போட்டு அதன்மேல் பின்சக்கரங்களை ஏற்றிக்கொண்டு, தாழ்வான ஜாக்கியை உள்ளே விடலாம். ஜாக்கி வைக்கும் இடம் கையேட்டில் சொன்ன இடமாகவே இருக்க வேண்டும். கார்பன் ஃபைபர் பக்கவாட்டையோ பிளாஸ்டிக் அடித்தட்டையோ அழுத்திவிட்டால் சத்தத்தைவிடப் பெரிய செலவு. பின்சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும் என்பதால் ஹேண்ட்பிரேக்கை விட்டு, நியூட்ரலில் வைக்க வேண்டும். அதாவது வண்டியைப் பிடித்திருப்பது முன்சக்கரத்துக்கு இரு பக்கமும் வைக்கும் கட்டைகள் மட்டுமே. ஆகவே சமதளம், கனமான கட்டை, ஆக்சில் ஸ்டாண்ட். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடக் கூடாது.

தூக்கியதும் சக்கரத்தை மேலும் கீழுமாக, கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்காகவோ கீழ்க்கையின் பால் ஜாயின்டாகவோ இருக்கும். உதவியாளர் உள்பக்கத்திலிருந்து பார்த்தால், ஹப் மட்டும் ஆடுகிறதா, ஹப்பைத் தாங்கும் பாகமும் சேர்ந்து ஆடுகிறதா என்று தெரிந்துவிடும். 3, 9 இடங்களில் ஆடினால், சக்கரம் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் கோணத்தை (டோ) பிடித்திருக்கும் டோ லிங்கைப் பாருங்கள். ஆட்டமே இல்லை என்பதால் பேரிங் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. சத்தம் போடும் பேரிங் பல மாதம் ஆட்டமில்லாமலே இருக்கும்.

அதற்குத்தான் அடுத்த சோதனை. ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கையைச் சுருள் ஸ்பிரிங் மேல் வையுங்கள், விரல் நசுங்காதபடி. நல்ல பேரிங்கில் கைக்கு எதுவும் தெரியாது. கெட்டதில் மணல் அரைப்பது போன்ற ஒரு நறநறப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். காதுக்குக் கேட்காததையும் ஸ்பிரிங் சொல்லிவிடும். இடது, வலது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இதற்கு அர்த்தம்.

சுற்றும்போது எதிர்ப்பக்கச் சக்கரத்தையும் கவனியுங்கள். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் மற்ற சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிட்டெட் ஸ்லிப் வகை என்றால் பெரும்பாலும் அதே திசையில் வரும், சுற்றவும் கனமாக இருக்கும். அந்தக் கனத்தைப் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பதாகத் தவறாக நினைப்பவர்கள் உண்டு.

லிஃப்டில் தூக்கி எஞ்சின் ஓட்டத்தில் சக்கரத்தைச் சுற்ற வைத்துக் கேட்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சக்கரங்கள் தொங்கும்போது ஆக்சில்கள் வழக்கமில்லாத கோணத்தில் வளைந்திருக்கும். சிவி ஜாயின்ட் அந்த நிலையில், தரையில் வராத சத்தத்தை எல்லாம் போடும். நான்கு சக்கர இயக்கக் காரில் இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி ஓட்டினால் வண்டி ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடக்கூடும். பயிற்சி உள்ளவர்கள் செய்யட்டும்.

சக்கரத்தைக் கழற்றிய பிறகு

டயரிலிருந்து தொடங்குங்கள். ஸ்போர்ட்ஸ் காரின் பின்சக்கரங்கள் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்தபடி அமைக்கப்பட்டிருக்கும். அதனால் உள்விளிம்பு முதலில் தேயும், வெளியே நின்று பார்த்தால் டயர் புதுசு மாதிரியே தெரியும். உள்ளங்கையை டயரின் குறுக்கே உள்ளிருந்து வெளியே ஒரு முறை, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பும் மறு திசையில் கூர்மையும் இருந்தால் டோ அளவு தப்பியிருக்கிறது. அடுத்து சுற்றுவட்டத் திசையில் தடவுங்கள். ஒவ்வொரு கட்டத்தின் ஒரு முனை உயர்ந்து மறு முனை தாழ்ந்து, ரம்பம் மாதிரி இருந்தால் அந்தத் தேய்மானம்தான் பேரிங் மாதிரியே உறுமும். ஆங்காங்கே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர் களைத்துவிட்டதா என்றும் பாருங்கள்.

உறுதிப்படுத்திக்கொள்ள, சக்கரங்களை மாற்றிப் போட்டுச் சத்தம் இடம் மாறுகிறதா என்று பார்ப்பது பழைய வழி. இங்கே அது எளிதல்ல. பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பின் டயர் முன்னதைவிட அகலம். முன் பின் மாற்ற முடியாது. சுழலும் திசை குறித்த டயர் என்றால் இடம் வலமும் மாற்ற முடியாது. அதே அளவுள்ள வேறொரு ஜோடியை யாரிடமாவது கடன் வாங்கிப் போட்டு ஓட்டிப் பார்ப்பது நிச்சயமான சோதனை.

டயரில் பயப்பட வேண்டாத சத்தங்களும் உண்டு. வாரக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்த கார் முதல் சில கிலோமீட்டர் “தட தட” என்று போகும். நின்ற இடத்தில் டயர் தட்டையாகியிருக்கும், சூடானதும் சரியாகிவிடும். ரேஸ் டிராக்கில் ஓட்டிவிட்டு வீடு திரும்பும்போது அதிர்வும் உறுமலும் வந்தால், சூட்டில் டயர் மேல் அப்பிக்கொண்ட ரப்பர் உருண்டைகள்தான் காரணம். அதுவும் ஓட ஓட உதிர்ந்துவிடும்.

அடுத்து டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு. “சரக் சரக்” என்ற சத்தத்துக்கு நான் முதலில் பார்க்கும் இடம் இது. ஒரு சின்னக் கல் டிஸ்க்குக்கும் தகட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், ஏதோ பெரிய இரும்பு உடைந்துவிட்டது போல அலறும். தகட்டைக் கையால் மெல்ல வளைத்துக் கல்லை எடுத்துவிட்டால் முடிந்தது. டிஸ்க்கின் வெளிவிளிம்பில் துரு மேடு கட்டி, பேட் அதில் உரசுகிறதா என்றும் பாருங்கள். பேட்டைக் காலிப்பரில் அசையாமல் பிடிக்கும் ஸ்பிரிங் கம்பி விடுபட்டிருந்தால் மேடு பள்ளத்தில் லொட லொடக்கும், பிரேக்கைத் தொட்டதும் அடங்கிவிடும். ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் வந்து முதல் பிரேக் போடும்போது மட்டும் ஒரு “டக்” என்றால் பேட் தன் இடத்தில் ஒருபக்கமிருந்து மறுபக்கம் நகர்கிறது, அவ்வளவுதான்.

சிவி ஜாயின்டின் ரப்பர் உறை கிழிந்து, சக்கரத்தின் உள்பக்கம் கருப்பு கிரீஸ் தெறித்திருந்தால் விடை கண்ணெதிரே இருக்கிறது. பின் ஆக்சில், ஸ்டீயரிங்கோடு திரும்பாததால், முன்சக்கர இயக்கக் கார்களில் வரும் அந்தத் திருப்பத்து “டக டக” இங்கே அவ்வளவு தெளிவாக வராது. வேகத்தை ஏற்றி இறக்கும்போது விழும் அடியாகத்தான் வரும். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். கீழ்த்தட்டுக்குள் ஒளிந்திருக்கும் அந்த நுனி உடைந்து கிடந்தால் நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் படாது.

கண்டுபிடிக்கவே முடியாத அந்த “டக்”

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஒரே ஒரு “டக்”. ரிவர்ஸ் போட்டுக் கிளம்பினால் மறுபடி ஒன்று. அப்புறம் எவ்வளவு தூரம் ஓடினாலும் மௌனம். பின்சக்கர இயக்கக் கார்களில் பலரை அலைய வைக்கும் சத்தம் இது. டிஃபரன்ஷியல், சிவி ஜாயின்ட், கியர்பாக்ஸ் தாங்கி என்று மாற்றிக்கொண்டே போவார்கள். பல நேரம் காரணம் ஹப்பின் உள்ளே இருக்கும் ஆக்சில் பற்கள். அந்தப் பற்களும், ஆக்சிலின் தோள்பகுதி பேரிங்கில் அமரும் முகமும் காய்ந்துபோய், விசை திசை மாறும்போது ஒட்டி விடுபடுகின்றன.

சோதிப்பது எளிது. நடுமூடியைக் கழற்றி, ஆக்சில் நட்டிலிருந்து ஹப் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். நான்கைந்து முறை முன்னும் பின்னும் கிளம்பிப் பாருங்கள். கோடு உடைந்து நகர்ந்திருந்தால் அங்கேதான் விஷயம். நகராவிட்டாலும் ஆக்சிலின் தோள்முகம் நழுவிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. நட்டைக் கழற்றி, முகத்தையும் பற்களையும் சுத்தம் செய்து, தயாரிப்பாளர் சொல்லும் கிரீஸை மெல்லியதாகத் தடவி, புதிய நட் போட்டு, சொன்ன டார்க்கில் இறுக்க வேண்டும். இந்த நட் பெரும்பாலான கார்களில் ஒருமுறை பயன்பாட்டுக்கு மட்டும்தான். நட் தளர்ந்திருக்கும்போது வண்டியின் எடையைச் சக்கரத்தின் மேல் இறக்காதீர்கள்; பேரிங்கின் இரண்டு பாதிகளையும் பிடித்திருப்பதே அந்த இறுக்கம்தான் என்ற அமைப்பில், எடை விழுந்தால் பேரிங் அப்போதே கெட்டுவிடும்.

மெதுவான திருப்பத்தில் முனகல்

பார்க்கிங்கில் முழு ஸ்டீயரிங் ஒடித்துத் திரும்பும்போது பின்னால் “டர்ர்ர்” என்று இழுத்து முனகினால், அதுவும் வண்டி நன்றாகச் சூடான பிறகு மட்டும் வந்தால், தட்டுகள் கொண்ட லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலை நினையுங்கள். உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் ஒட்டி வழுக்கி, ஒட்டி வழுக்கிப் போகின்றன. அநேகமாக ஆயில் பழசாகியிருக்கும், அல்லது உராய்வைச் சீராக்கும் சேர்மானம் இல்லாத ஆயிலை யாரோ ஊற்றியிருப்பார்கள். சரியான ஆயிலை மாற்றிவிட்டு, காலியான இடத்தில் மெதுவாக எட்டு போட்டுப் பத்துப் பதினைந்து முறை சுற்றினால் புதிய ஆயில் தட்டுகளுக்கு நடுவே போய்ச் சேரும். முழுக்கக் கியர் பற்களால் இயங்கும் வகைக்கு இந்தத் தட்டுகளும் கிடையாது, இந்தச் சேர்மானமும் தேவையில்லை. உங்களுடையது எது என்று தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள்.

நிற்பதற்குச் சற்று முன்பு, மணிக்கு 5, 10 கி.மீ. வேகத்தில் பெடலில் ஒரு உதறலும் “குர்ர்” என்ற ஒலியும் வந்தால், அது ஏபிஎஸ் தேவையில்லாமல் வேலை செய்வது. ஹப்பில் உள்ள சென்சார் வளையம் விரிசல் விட்டாலோ, பேரிங் ஆட்டத்தால் சென்சாருக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளி மாறினாலோ இப்படி நடக்கும்.

புஷ் கீச்சிடுகிறதா?

தண்ணீர் தெளிப்பானை எடுத்து ஒரு புஷ்ஷை மட்டும் நனைத்து, வண்டியின் பின்பகுதியை அமுக்கி விடுங்கள். சத்தம் மாறவில்லையென்றால் அடுத்தது. நனைத்ததும் அடங்கும் புஷ்தான் உங்களுடையது. எண்ணெய் அடித்துவிடாதீர்கள், பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊத வைக்கும். பாலியூரித்தேன் புஷ்ஷுக்குச் சிலிக்கான் கிரீஸ். உயரம் மாற்றும் காயில்ஓவர் போட்ட காரில், மேல்தாங்கியின் உருண்டை ஜாயின்ட் கிளிக்கிடுவதும் ஸ்பிரிங் தன் இருக்கையில் “டொய்ங்” என்று புரள்வதும் சாதாரணம். பூட்டு வளையம் தளரவில்லை என்று பார்த்துவிட்டுப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னும் பிடிபடவில்லை என்றால்

வெப்பமானி துப்பாக்கி ஒன்று உதவும். பிரேக்கை அதிகம் தொடாமல் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, இரண்டு பின் ஹப்களின் சூட்டையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் பளிச்சென்று சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் அரைக்கிறது. டிஸ்க் சூடா, ஹப்பின் நடு சூடா என்று பார்த்து இரண்டையும் பிரிக்கலாம்.

அதற்கும் மேலே, கிளிப் போலப் பாகங்களில் மாட்டும் மைக்குகள் இருக்கின்றன. இடது ஹப்பில் ஒன்று, வலது ஹப்பில் ஒன்று, டிஃபரன்ஷியலில் ஒன்று, சஸ்பென்ஷன் கையில் ஒன்று என்று மாட்டிவிட்டு ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்கலாம். நல்ல ஒர்க்‌ஷாப்பில் இது இருக்கும். பாகம் மாற்றச் சொல்வதற்கு முன் இதைப் பயன்படுத்தினார்களா என்று கேட்பதில் தவறில்லை.

ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றாதீர்கள். டயரும் புஷ்ஷும் ஒரே நாளில் மாற்றிச் சத்தம் நின்றுவிட்டால் மகிழ்ச்சிதான். ஆனால் ஆறு மாதம் கழித்து அது திரும்பி வரும்போது எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது.

பேரிங்தான் என்று உறுதியானால்

அழுத்திப் பொருத்தும் வகைப் பேரிங்கை ஹப்பிலிருந்து பிரித்தெடுக்கும்போதே அது கெட்டுவிடும், திரும்பப் போட முடியாது. புதியதை ஹப்பைத் தாங்கும் பாகத்துக்குள் அழுத்தும்போது வெளிவளையத்தில் மட்டுமே விசை விழ வேண்டும். பிறகு ஹப்பை உள்ளே அழுத்தும்போது உள்வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். மாற்றி அழுத்தினால் விசை குண்டுகள் வழியாகப் போய், புதிய பேரிங் முதல் நாளே உறுமும். ஒரு பக்கத்து சீலில் ஏபிஎஸ் சென்சாருக்கான காந்தப் பட்டை இருக்கும் பேரிங் என்றால், அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். கருப்பாக, வெறும் சீல் மாதிரியே தெரியும். காந்த முனையுள்ள கருவிகளை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பேரிங்கோடு சஸ்பென்ஷன் கைகளின் போல்ட்டையும் கழற்றியிருந்தால், அவற்றின் இறுதி இறுக்கம் சக்கரம் தரையில் நிற்கும் உயரத்தில்தான். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

டயர்தான் என்றால், புதிய டயரோடு அலைன்மென்ட்டும் சேர்த்தே செய்யுங்கள். என் காரில் டோ லிங்க் ஒன்று லேசாக வளைந்திருந்தது. அதை விட்டுவிட்டு டயரை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த ஜோடியும் அதே பாட்டைப் பாடியிருக்கும்.

வேலை முடிந்ததும் அதே சாலையில், அதே வேகத்தில், போனை அதே இடத்தில் வைத்துப் பதிவு செய்து பழைய பதிவோடு ஒப்பிடுங்கள். நம் காது நம்மைச் சமாதானப்படுத்தும், பதிவு அப்படிச் செய்யாது. 100 கி.மீ. ஓடிய பிறகு வீல் நட்களை இன்னொரு முறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிட்டு, டிக்கியிலிருந்து எடுத்து வைத்த ஜாக்கியையும் ஸ்பேனரையும் துணி சுற்றித் திரும்ப உள்ளே வையுங்கள்.